ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்த லிபியா

எண்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு இராஜபாளையத்தில் நானும் மரியமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம். பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். இருவரும் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிப்பவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில், ராத்திரியில் பூமி எப்படி இருக்கிறதென்று வானத்திலிருந்து எடுத்த படம் வைத்திருப்பதாக என் மகள் சொல்லியிருந்தாள்.

மரியத்துக்குப் பூமியெல்லாம் வேண்டாம், லிபியா போதும். அவள் புருஷன் நான்கு வருஷமாக அங்கே எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறார். என்னையும் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள் என்று கேசட்டில் பேசி அனுப்புவாள். ஏதாவது சாக்கு பதிலாக வரும். அவருக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று தெருவில் பேச்சு. அவளும் பாதி நம்பிவிட்டாள். என்னை வரவிடாத ஊர் எப்பேர்ப்பட்டது, பார்த்துவிடுகிறேன் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

பத்தேகாலுக்குப் பள்ளிக்குள் நுழைந்தோம். சுவரில் பெரிய கறுப்புப் படம், உப்பைச் சிந்தியதுபோல் வெளிச்சங்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரையே ஒரு கடுகு. இவ்வளவு பெரிய கோபுரம் நிற்கும் ஊருக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. ராத்திரி ஷிப்ட் ஓடும் எங்கள் மில்களையும் காணோம். கோபம்தான் வந்தது.

மரியம் லிபியாவைக் கேட்டாள். புருஷன் இருக்கிற இடத்துக்குக் கடற்கரையிலிருந்து ஒருநாள் உள்ளே போகணுமாம் என்றும் சொன்னாள். அறிவியல் வாத்தியார் குச்சியை அங்கே வைத்தார். மதுரையைப்போல் பத்து மடங்கு வெளிச்சம். மரியத்தின் முகம் சுண்டிப்போனது. இம்புட்டுப் பெரிய ஊரா என்றாள்.

"ஊர் இல்லம்மா, பாலைவனம். எண்ணெயோட வர்ற கேஸை அப்படியே எரிச்சு விடுதாங்க. ராவும் பகலும் எரியும். சுத்தி ஒரு வீடு கெடையாது."

கண்ணைக் கூசவைக்கும் அத்தனை வெளிச்சமும் ஆளில்லாத காட்டில் எரியும் நெருப்பா? அதன் பக்கத்திலா அந்த மனிதர் நான்கு வருஷமாகப் படுத்து எழுந்திருக்கிறார்? படத்தில் இல்லாத எங்கள் ஊரில், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கவாவது முடிகிறது.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பினோம். இராஜபாளையம் நெருங்கும்போது மரியம் சொன்னாள்.

"ராத்திரியில இங்க இருட்டே கெடையாதுன்னு கேசட்டுல அவிய சொன்னாவக்கா. டவுன்ல சொகமா இருக்காவன்னுல்ல நெனச்சேன். ஊரே இல்லாத எடத்துக்கு என்னைய எங்கிட்டுக் கூட்டிட்டுப் போவாவ?" பஸ் நிற்கும் முன்பே எழுந்துகொண்டாள். "இனிமே கேக்க மாட்டேன். வந்துருங்கன்னுதான் சொல்லணும்."