வீங்கிய காலோடு தொரப்பள்ளி வரை

ஓசூருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து யார் தயவும் இல்லாமல் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. அம்மாவிடம் சொல்வேன், அண்ணனிடம் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாமல், கம்பெனிகளை நம்பி வளர்ந்த ஊரில் வாடகை வீடு பிடித்து இருக்கிறவளுக்கு அந்தத் திமிராவது வேண்டாமா?

போன வருடம் மழைக்காலத்தில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் தினமும் காலையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருமுனையில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் ஒரு பள்ளம் இருந்தது. அதில் வலது கால் இறங்கி மடங்கியது. கணுக்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தட்டி ஆட்டோவை நிறுத்தி, நானே தவ்வித் தவ்வி ஏறி, நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிகமெண்ட் பாதி கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், ஆனால் சரியாக மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். பூட்ஸ் மாதிரி கழற்றி மாட்டுகிற ஒரு கட்டைப் போட்டு அனுப்பினார்.

தேனியிலிருந்து அம்மா போன் செய்தாள். "நான் கெளம்பி வரட்டாடி?"

"வேண்டாம். நீ வந்து என்ன பண்ணப்போற?"

போனை வாங்கி அண்ணன் பேசினான். "எதுக்கு அந்த ஊர்ல கெடந்து ஒத்தையில கஷ்டப்படுற? வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துரு. இங்கன பாத்துக்கலாம்."

அவன் அதைப் பல வருடமாகச் சொல்கிறான். இந்தத் தடவை சொல்வதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பேர் குடுத்த ரேஸ ஓடி முடிச்சுட்டு உனக்குப் போன் பண்றேன். அதுக்கப்புறமும் உனக்கு இதைச் சொல்லத் தோணுச்சுன்னா சொல்லு" என்று வைத்துவிட்டேன். கட்டுப் போட்ட காலைக் கட்டில்மேல் நீட்டிக்கொண்டுதான் இந்தச் சவால். ஆனால் சொன்னது சொன்னதுதான். ஓட முடியாவிட்டால் ஊருக்குப் போக வேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே அப்படி ஆக்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் லீவு போட்டு, மாத்திரை மயக்கத்தில் அறைக்குள்ளேயே படுத்துக் கிடந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனேன். உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் பிரிவு என்பதால் உட்கார்ந்தே பார்க்கலாம். மேஜைக்கு அடியில் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் காலை வைத்துக்கொள்வேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இறங்கி, பிசியோதெரபி முடித்துக்கொண்டு வீடு வரும்போது கணுக்கால் வீங்கிப் போயிருக்கும். வந்ததும் ஃப்ரீசரிலிருந்து ஐஸை எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு, துண்டைச் சுற்றிக் காலுக்கு ஒற்றடம் கொடுப்பேன். பிறகு ஒற்றைக் காலில் நின்று இட்லி ஊற்றுவேன். அம்மா போனில் கேட்டால், "எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்பேன்.

வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள், வாடகையில் பாதி கொடுப்பவள். சூளகிரிக்கு அப்பால் ஒரு ஃபேக்டரியில் எப்போதும் நைட் ஷிஃப்ட்டையே கேட்டு வாங்கிக்கொள்வாள். அவளுடைய பஸ் ஊரெல்லாம் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதால் சாயங்காலமே வந்துவிடும். நான் வருவதற்குள் அவள் போயிருப்பாள். காலையில் நான் என் பஸ்ஸுக்கு நிற்கும்போது சில நாள் எதிர்ப்பக்கம் அவள் பஸ் வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டுவாள். சனிக்கிழமை காலையில் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வந்து பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், திங்கட்கிழமை காலையில்தான் திரும்புவாள். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம் தேறாது.

அவள்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. என் பொருளில் கை வைப்பாள். பாத்ரூம் வாசலில் கிடந்த கால்மிதியைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள். சமையலறையில் இருந்த ஸ்டூலை என் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டாள். நேரில் பார்க்கும்போது கேட்க வேண்டும் என்று இருந்தேன். நேரில் பார்க்கத்தான் வாய்க்கவில்லை.

தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வேலையை விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு பைகளையும் குக்கரையும் எடுத்துக்கொண்டாள்.

"கால பாத்துக்கங்கக்கா" என்றாள் வாசலில் நின்று.

"அதெல்லாம் நானே பாத்துக்குவேன். நீ சந்தோஷமா இரு."

அதற்குள் என் கால் முக்கால்வாசி தேறியிருந்தது. வீக்கம் வருவது நின்றதால் ஐஸ் ஒற்றடத்தையும் விட்டிருந்தேன். அவள் போன அன்றே பரணிலிருந்து கால்மிதியை எடுத்துப் பழைய இடத்தில் போட்டேன். முழு வாடகையையும் நானே கொடுப்பதாக வீட்டுக்காரரிடம் சொன்னேன். எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

ஓடலாமா என்று பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் கேட்டேன். "ஓடுங்க. வலிச்சா நடங்க. நடந்தும் வலிச்சா நின்னுடுங்க" என்றாள். மூன்றாவதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓட்டத்தன்று மாசி பிறந்திருந்தும் குளிர் விடவில்லை. பள்ளி மைதானத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. மைக் பிடித்தவர் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் புகுந்து ஆங்கிலத்தில் முடித்தார். கம்பெனி கம்பெனியாக ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு கூட்டம் நின்றது. ஒரு பெண் என்னிடம் போனை நீட்டி, "மேடம், ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கூட்டம் வந்தது. சும்மா நிற்கிறவள் என்று முகத்தில் எழுதியிருந்தது போலிருக்கிறது, அப்புறம் இன்னும் இரண்டு கூட்டம் வந்தது. எல்லாருக்கும் எடுத்தேன். என்னை எடுக்கச் சொல்லி யாரிடமும் போனை நீட்டவில்லை. கூச்சம்தான், வேறென்ன.

தொரப்பள்ளி வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் கொஞ்ச தூரம் கூட்டத்தோடு கூட்டமாகப் போனேன். கால் ஒன்றும் சொல்லவில்லை. சிப்காட் தாண்டும்போது பொழுது விடிந்தது. எதிரே நைட் ஷிஃப்ட் முடிந்த பஸ்கள் வரிசையாக வந்தன. ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துப் பெண்கள் தூங்கிக்கொண்டு போனார்கள். ஓடிக்கொண்டே ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். நாலைந்து பஸ் போன பிறகுதான் நான் யாரைத் தேடுகிறேன் என்பது உறைத்தது. அவள்தான் கல்யாணமாகிப் போய்விட்டாளே, இங்கே எப்படி வருவாள் என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன்.

ஊரை விட்டு விலகியதும் கூட்டம் கலைந்தது. வேகமாக ஓடுகிறவர்கள் போய்விட்டார்கள், மெதுவாக வருகிறவர்கள் பின்னால் எங்கேயோ இருந்தார்கள். நடுவில் நான் மட்டும். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ரோஜா, வெளியே முட்டைகோஸ். என் மூச்சும் ஷூ சத்தமும் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாதது எனக்குப் பழக்கம்தான் என்றாலும் அன்றைக்கு அது கஷ்டமாக இருந்தது.

தொரப்பள்ளியில் பால் கேனோடு நின்ற ஒரு அம்மா என்னைக் கைகாட்டி நிறுத்தினாள். "யாக்கம்மா?" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். "எதுக்குமா இப்டி ஓடற? பஸ் வருமே இப்ப."

"சும்மாதாங்க. ஓட்டப்பந்தயம்."

"தனியாவா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். "வூட்டுக்குப் போயி காலுக்குச் சுடுதண்ணி ஊத்திக்க" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டாள். அன்று என்னிடம் போட்டோ எடுக்கச் சொல்லாமல் பேசிய முதல் ஆள் அவள்தான்.

திரும்பும் வழியில் ஒரு இறக்கத்தில் கணுக்கால் முனகியது. நடந்தேன். கொஞ்சம் ஓடினேன். மறுபடி நடந்தேன். கடைசியில் நடப்பதே நொண்டலாக ஆனது. பைக்கில் வந்த ஏற்பாட்டாளர் ஒருவர் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கினார்.

"மேடம், ஏறிக்கங்க. கொண்டுபோய் விட்டுடறேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வேண்டாங்க."

"கால் ரொம்ப இழுக்குதே?"

"நானே வந்துடுவேன்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் முடித்தாலும் சொல்ல மாட்டார்கள், பைக்கில் போய் இறங்கினாலும் சொல்ல மாட்டார்கள். அதை நினைத்ததும் நடுரோட்டில் அழுகை வந்துவிட்டது. வலியால் அழுதேன் என்று சொன்னால் பொய். வேர்வையைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டு நடந்தேன். கோபம் கொஞ்சம் உதவியது.

மைதானத்துக்குள் நுழைந்தபோது பாட்டை நிறுத்தியிருந்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்ட கூட்டங்கள் போய்விட்டிருந்தன. முடிவுக் கோட்டைத் தாண்டினேன். மெடல் கொடுக்கிற கல்லூரிப் பெண் பக்கத்திலிருந்தவளோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே என் கழுத்தில் மாட்டினாள். ஆறிப்போன உப்புமாவும் ஒரு வாழைப்பழமும் கிடைத்தன. ஆனால் முடித்துவிட்டேன். என் காலால் போய், என் காலால் வந்தேன். ஆட்டோவில் உட்கார்ந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"முடிச்சுட்டேன்" என்றேன்.

"நெசமாவா?" என்றான். "பெரிய ஆளுதான் நீ. சரி, இனி ஒண்ணும் சொல்லல."

"பாத்தியா, யார் தயவும் இல்லாம."

இதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். சொல்லியும்விட்டேன். அம்மா போனைப் பிடுங்கினாள். "காலு வீங்கிருக்கா? போனதும் மொதல்ல ஐஸ் வய்யி. வச்சுட்டுச் சொல்லு."

மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஷூவைக் கழற்றினால் கணுக்கால் எலும்பு இருக்கிற இடமே தெரியவில்லை. முகம் கழுவலாம் என்று பாத்ரூமுக்கு நொண்டிக்கொண்டு போனேன். வாசலில் கால்மிதியின் ஓரத்தில் விரல் தட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பினேன். நான் அப்படியே நின்று அந்தக் கால்மிதியைப் பார்த்தேன். அவள் ஏன் அதைச் சுருட்டிப் பரணில் போட்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

குனிந்து அதை ஓரமாகத் தள்ளிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஃப்ரீசரில் ஒன்றும் இல்லை. ஐஸ் ட்ரே சமையலறை அலமாரியில், கடைசியாக நான் கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது.

அத்தனை மாதமும் வேலை விட்டு வந்ததும் ஐஸை எடுத்துக்கொண்டு, காலி ட்ரேயைச் சிங்க்கில் போடுவேன். அடுத்த வேலைநாள் சாயங்காலம் திறந்தால் ஐஸ் இருக்கும். நான் ஒருநாள்கூட அதில் தண்ணீர் ஊற்றியதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது மாதிரி ஃப்ரீசரைத் திறந்தால் ஐஸ் வரும் என்று இருந்திருக்கிறேன். இன்ஜினியரிங் படித்தவள் நான், சரிபார்க்கிற வேலைக்குச் சம்பளம் வேறு வாங்குகிறேன்.

ட்ரேயைக் கழுவித் தண்ணீர் பிடித்தேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியவில்லை. அவளுக்குப் போன் செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு செய்கிற முதல் போன்.

"அக்கா!" என்றாள். பின்னால் பாத்திரச் சத்தம், டிவி, நிறையப் பேர் பேசும் குரல்கள்.

"தண்ணி ஐஸாக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

"என்னாக்கா, கால் மறுபடி வீங்கிக்கிச்சா?"

"கொஞ்சம்."

"நம்ம ஃப்ரிட்ஜுல லேட்டாதாங்க்கா ஆவும். நாலஞ்சு மணி நேரம் புடிக்கும். அதான் நான் காலைல வந்ததும் மொத வேலையா ஊத்தி வெச்சுட்டுப் படுப்பேன். படுத்துட்டா எந்திரிக்க முடியாதில்ல? நீங்க வர்றதுக்குள்ள கெட்டியாயிடும்."

ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றியதும் சிங்க்குக்குப் போயிருக்கிறாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, கூப்புடறாங்க. அப்புறமா பேசட்டுமா?"

"போ, போ" என்றேன்.

ட்ரேயை ஃப்ரீசரில் வைத்து மூடினேன். என் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து வந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஸ்டூல் உயரம் காலுக்குச் சரியாக இருந்தது. இந்த வீட்டில் இதுவரை தனியாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மா மறுபடி கூப்பிட்டாள். "ஐஸ் வச்சியாடி?"

"இன்னும் தண்ணியாத்தாம்மா இருக்கு" என்றேன்.