ஆசீர்வாதம் சொன்ன சாட்சி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் இரண்டு வகை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள், நாய் துரத்தி ஓடுகிறவர்கள். இந்த இரண்டிலும் சேராத ஒரே ஆள் ஆசீர்வாதம்தான்.

இரும்பு உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறான். நாற்பத்தைந்து வயது, கொஞ்சம் தொப்பை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லப்போக, நடையில் ஆரம்பித்தவன் ஓட்டத்தில் போய் நின்றான். நானும் அவனும் ஒரே சபை, ஆராதனையில் ஒரே பாயில் உட்காருகிறவர்கள். அதனால் அவனைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு.

ஆனால் அவன் ஓடுகிற விதத்தைக் கிண்டல் செய்ய முடியாது. ஒவ்வொரு கம்பெனி வாசல் வரும்போதும் உள்ளே வேலை பார்க்கும் யாருக்காகவாவது ஜெபித்துக்கொண்டே ஓடுவான். ஒரு வாசலில், பிரசவத்துக்கு மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கும் பீகார்காரருக்காக. அடுத்த வாசலில், வேலை நிரந்தரமாகுமா என்று தெரியாமல் இருக்கும் பெண்களுக்காக. எதற்கு இது என்று ஒருநாள் கேட்டேன்.

"மனசுக்கு வேல குடுக்கலன்னா அது கால் வலியப் பத்தியே பேசிக்கினு இருக்கும்ணா. அடுத்தவன் கஷ்டத்த உள்ள வச்சா வாய மூடிக்கும்."

எங்கள் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். போன டிசம்பரில் ஆசீர்வாதம் எழுந்தான். ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடப்போவதாகவும், ஆண்டவர் அதை ஏற்கெனவே முடித்துக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னான். நடக்கப்போவதை நடந்துவிட்டதாகச் சொல்வதுதான் எங்களிடம் விசுவாசம். எல்லோரும் சேர்ந்து சொன்ன ஆமெனில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

வினை அங்கேதான் வந்தது. ஓட்டத்துக்கு முந்தின நாள் அவனுக்காகச் சபையே உபவாச ஜெபம் வைத்தது. தனக்காக இத்தனை பேர் பட்டினி கிடக்கும்போது தான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று இந்தப் புத்திசாலியும் சாப்பிடவில்லை. ஓட்டத்துக்கு முந்தின நாள் வயிறு நிறையச் சோறு சாப்பிட வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தவன் அவன். வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னோடு ரயில் ஏறினான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

மறுநாள் பாதி தூரம் தாண்டும் வரை நன்றாகத்தான் ஓடினான். அப்புறம் கண் இருட்டி ரோட்டோரம் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஆண்டவர் பேரைக் கெடுத்துவிட்டேனே என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதோடு சபைக்கு வருவதை நிறுத்தினான். ஓடுவதையும் நிறுத்தினான். விசுவாசம் குறைவு என்று சபையில் சிலர் முணுமுணுத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறைந்தது விசுவாசம் இல்லை, சோறு. அதைக் குறைத்ததில் எங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் இதை நான் போய்ச் சொன்னால் சண்டைதான் வரும். அவனே சொன்னால்தான் அவனால் மறுபடி ஓட முடியும் என்று எனக்குத் தோன்றியது. அவன் வீட்டுக்குப் போய் அதைத்தான் சொன்னேன். தோற்றுப்போனேன் என்று யாராவது இதுவரை சாட்சி சொல்லியிருக்கிறார்களா என்று திருப்பிக் கேட்டான்.

இருந்தாலும் அடுத்த ஞாயிறு வந்தான். சாட்சி நேரத்தில் எழுந்து நின்றான்.

"நான் ஓடி முடிக்கல. முடிச்சிட்டேன்னு முன்னாடியே சொன்னது என் வாய்க்கொழுப்பு. ஆண்டவர் என்னக் கைவுடல, நான்தான் சாப்புடல. எனக்காகப் பட்டினி கெடந்தீங்க, அத மறக்க மாட்டேன். அடுத்த வருசமும் ஓடுவேன். முடிப்பனான்னு தெரியாது. ஆனா ஓடுவேன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் ஜெரால்ட் அடுத்த பாட்டை ஆரம்பிக்க மைக்கை எடுத்தார். அப்போது கடைசி வரிசையில் சின்னப்பொண்ணு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்ப்பவர். முழங்கால் வலி அடியோடு போய்விட்டது என்று கிறிஸ்துமஸ் ஆராதனையில் சாட்சி சொன்னவர்.

"எனக்கும் முட்டி வலி போவல பாஸ்டர். போயிட்ச்சுன்னு சொல்லிட்டனேன்னு நாற்காலி கேக்காம தரையிலயே உக்காந்துகினு கீறேன்."

பாஸ்டர் மைக்கை வைத்துவிட்டு, மேடையில் தனக்குப் போட்டிருந்த நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்து அக்காவை உட்காரவைத்தார். அவர் திரும்பி மேடைக்குப் போவதற்குள் இன்னும் மூன்று பேர் சாட்சி சொல்ல எழுந்து நின்றிருந்தார்கள்.