சுலூன்ஹூ ஆடினால் தர்வகா மயங்குமாம்

என் தங்கை செவ்ஜித்தின் புருஷன் சுலூன்ஹூவைப் பற்றி நல்லதாக என்னத்தைச் சொல்ல? ஆட்டுக்கு மயிர் கத்தரித்தால் காதையும் சேர்த்துக் கத்தரிப்பான். கூடாரம் போட்டால் வாசலை வாடைக்காற்றுப் பக்கம் வைப்பான். பெருமையடித்துக்கொள்ள அவனுக்கு இருந்தது ஒன்றே ஒன்று, தர்வகா முன்னால் ஆடுகிற ஆட்டம்.

தர்வகா புல்வெளி வளையில் கிடக்கும், பெரிய அணில் மாதிரியான கொழுத்த பிராணி. வேட்டைக்குப் போகிறவன் வெள்ளை உடுப்பும் காது வைத்த குல்லாயும் மாட்டி, யாக் வால் சாமரத்தைச் சுழற்றிக்கொண்டே குனிந்தும் நிமிர்ந்தும் கிட்டே போவான். இதென்ன கூத்து என்று அது எழுந்து நின்று கத்தும். அப்போது சுட வேண்டும். இவன் ஆட்டத்துக்குப் பத்தில் ஒன்பது ஓடிவிடும்.

புல் மஞ்சளாகும் மாதம், நான் தங்கை வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள் மத்தியானம், சேணத்தில் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான்.

"மதினி, இது வயித்துக்குள்ள போட்டு வேகவைக்கக் கல்லைச் சூடு பண்ணுங்க! இன்னிக்கு ஆடினேன் பாருங்க, அப்படியே சொக்கி நின்னுடுச்சு. பத்தடியில போய்ச் சுட்டேன்."

"கத்துச்சா?"

"இல்ல."

"ஓடப் பாத்துச்சா?"

"ஏன் ஓடணும்? என் ஆட்டத்துல மயங்கிக் கிடக்குது!"

ஓடாத தர்வகாவுக்குக் கொள்ளைநோய் என்று எங்களில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். அதைத் தொட்டவன் வீட்டுக்குள் வந்தால் வீடே போகும். உள்ளே தங்கை பெற்ற நாலு பிள்ளைகள் இருந்தார்கள்.

குதிரை பிடிக்கும் நீளக் கழியை எடுத்துக் குறுக்கே நீட்டினேன்.

"இறங்காத. அங்கயே நில்லு."

"பொறாமை மதினி உங்களுக்கு. உங்க வீட்டுக்காரர் ஆடினா தர்வகா சிரிச்சுக்கிட்டே வளைக்குள்ள போயிடும்."

"சிரிச்சுட்டு ஓடுற தர்வகாவுக்கு உடம்பு நல்லா இருக்குடா, மடையா!"

அப்போதும் குதிரையை ஓரடி முன்னால் விட்டான். செவ்ஜித் வெளியே வந்தாள்.

"இன்னொரு அடி வெச்சா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அக்காவோட போயிடுவேன். நீங்க அதுக்கே ஆடிக்கிட்டு இருங்க."

நின்றான்.

பக்கத்துக் கூடாரத்துக்காரர் மோட்டார் சைக்கிளில் போய் டாக்டர்களைக் கூட்டிவந்தார். சோதித்தார்கள். கொள்ளைநோய்தான். பிராணியோடு வெள்ளை உடுப்பு, குல்லாய், சாமரம் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு, மாத்திரை கொடுத்து இவனைத் தனிக் கூடாரத்தில் பத்து நாள் வைத்தார்கள். பட்டினி போட முடியுமா? தினமும் தூரத்தில் பால்தேநீர் வைத்துவிட்டு, நாலு வசவும் சேர்த்து வைத்துவிட்டு வந்தேன்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கும் ஆகவில்லை. வெளியே வந்தவன் முதலில் கேட்டது, "மதினி, குல்லாய் தைக்க வெள்ளைத் துணி இருக்கா? நோயாவே இருக்கட்டும், அந்த ஆட்டத்தை நீங்க பாக்கலையே."

என்னிடம் ஒரு முழம் இருந்தது. அவன் கண்ணெதிரே கிழித்து, கன்றுக்குட்டியின் புண்ணுக்குக் கட்டினேன்.