அம்மா பறிக்காத பூசணி

அப்பா மஸ்கட்டுக்குப் போன பிறகு எங்கள் வீட்டுக்குத் தவறாமல் வந்த ஒரே ஆள் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்தான். புதுக்கடை ஊரிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் தனி வீடு. அம்மாவும் நானும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் போடும் சத்தம்தான் பல நாள் அம்மா கேட்ட ஒரே மனிதக் குரலாக இருந்திருக்கும். எனக்கோ பசி ஒன்றுதான் பெரிய விஷயம்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த விளையில் அந்த வருஷம் மரச்சீனிக் கிழங்குக்குப் பதிலாக அம்மா பூசணி போட்டாள். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தேய்த்துவிடுவாள். காய்த்ததில் ஒன்று மட்டும் அடங்காமல் பெருத்தது. நான் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. சிலிண்டர்காரர் அதைப் படம்பிடித்து ஏதோ வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

பிறகென்ன, எங்கள் முற்றம் கல்யாண வீடாகிவிட்டது. பைக்கிலும் ஆட்டோவிலும் வந்து, கைக்குழந்தைகளைக் காயின்மேல் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். எல்லாருக்கும் அம்மா கட்டன்சாயா போட்டாள். அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எப்போது பறிப்பீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில், "இன்னும் முத்தல்ல."

எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் நல்லதைச் சபையில் படைப்பார்கள், அதை ஏலம் விடுவார்கள். உபதேசியாரே வீட்டுக்கு வந்தார்.

"இந்த வருஷம் இதத்தான் சபைக்குத் தரணும், கேட்டியளா?"

"தாறேன் அய்யா. ஆனா இன்னும் முத்தல்லயே," என்றாள் அம்மா.

வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவளுக்கு வாய் சும்மா இருக்குமா? "முத்தியாச்சு, காம்பு காஞ்சு கெடக்குல்லா! நகம் எறங்கல்ல பாருங்க!" என்று எல்லார் முன்னாலும் தோலில் நகத்தை அழுத்திக் காட்டினேன். உபதேசியார் என்னைக் கெட்டிக்காரி என்றார். அம்மா திட்டவில்லை.

"செரி, கொண்டு போங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் எடுத்தவர்கள் அங்கேயே அதை வெட்டிப் பங்கிட்டார்கள். மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டபடியே இருந்தன. யாரும் வரவில்லை. பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு, அம்மா ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

காய் போன வருத்தம் என்று நினைத்தேன். "அடுத்த வருஷம் இதவிடப் பெருசா காய்க்கும்மா" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, வீட்டுப்பாடம் எழுத உள்ளே போய்விட்டேன்.