பக்கத்து சீட்டு பிரேக்

பிரேக்கக்காவுக்கும் லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கிற அதிகாரிக்கும் ஏதோ ரகசியக் கூட்டு இருக்கிறது என்று தெருவில் ஒரு பேச்சு. அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் எல்லாம் ஃபெயிலாம். ஃபெயில் ஆனால் மறுபடியும் அவளிடம்தானே வரவேண்டும்? கணக்கு சரியாக இருந்தது. ஒரு வதந்தியில் கணக்கு இவ்வளவு சரியாக இருந்தால் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

விசாரித்தால் பாதி உண்மை. கடைசியாகப் போன மூன்று பேரும் ஃபெயில்தான். மூன்று பேரும் தோற்றதும் ஒரே இடத்தில். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்து என்றால், ஊர்வலம் போகிற ராஜா மாதிரி கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

"பிரேக் போட வேண்டியதுதானே?" என்று அந்த மூவரில் ஒருவரான மருந்துக்கடைக்காரரைக் கேட்டால், அவர் வெட்கப்படாமல் சொன்னார்: "அதுவா நின்னுடும்னு நெனச்சேங்க."

அதுவாக நிற்குமாம்!

விஷயம் இதுதான். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு மட்டும். பிரேக்கக்காவுக்கோ ஆபத்து இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. கற்கிறவர் காலை நகர்த்தலாமா என்று யோசிப்பதற்குள் அவள் அமுக்கிவிடுவாள், அதுவும் பூப்போல. தாங்கள்தான் நிறுத்தினோம் என்று அவர்கள் பூரித்துப் போவார்கள். டெஸ்ட் அன்று அந்த சீட்டில் அதிகாரி உட்கார்ந்திருப்பார். அவர் காலுக்கு அந்த வழக்கம் இல்லை.

முன்பெல்லாம் அவள் இப்படி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அரைத்தூக்கம் போடுவாள்; எல்லோரும் பாஸ். பிறகுதான் வீட்டுக்காரர் வெளியூரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். பெட்டியை அடுக்கியது அவள். பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டது அவள். கையாட்டியதும் அவளேதான். மனுஷன் போய்ச் சேர்ந்த இடம், அவளிடமே கார் கற்ற ஒருத்தியின் வீடு. "இந்தப் பொண்ணு மாதிரி பின்னாடி கண்ணாடியப் பாத்து ஓட்ட யாருக்கும் வராது" என்று அந்தப் பெண்ணை வீட்டில் வாயாரப் புகழ்ந்திருந்தாள் வேறு.

அன்றிலிருந்து அவள் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான். வீட்டைப் பூட்டுவாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று மறுபடி வருவாள்.

"உப்பு சரியா இருக்கா?" என்று தங்கையைக் கேட்பாள்.

"நீதானேக்கா இப்ப சாப்பிட்டுப் பாத்த?"

"என் நாக்க நம்பச் சொல்றியா?"

பயிற்சிப் பள்ளி முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, அடுத்து ரொட்டிக்கடைக்காரர் டெஸ்டுக்குப் போறாரு. அவரும் கோட்டத் தாண்டினார்னா, நீ வண்டிய விட்டு எறங்கி ஆபீஸ்ல உக்காந்து ஃபோன் எடு" என்றார். நாள் பூராவும் நாலு சுவருக்குள் 'ஹலோ' சொல்வதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. கால் இன்னும் கெட்டியாகப் பிரேக்கில் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் சிக்னலில் நின்றதும் ரொட்டிக்கடைக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"டீச்சர், இப்ப நான் பிரேக்கத் தொடவே இல்ல. வண்டி நின்னுருச்சு."

"ரோடு மேடுண்ணே."

"இது இறக்கம் டீச்சர்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது? முதலாளியா?"

"ஒருத்தரும் இல்ல. நாளைக்கு ரொட்டிய ஏத்திக்கிட்டு நான் தனியா போகணும். அதுல உங்க கால் வராதே."

மறுநாள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டோடு ஒட்டி உள்ளே இழுத்துக்கொண்டாள். அதே இறக்கம். சிவப்பு விளக்கு. முன்னால் ஒரு லாரி. உள்ளங்கால் அரித்தது. ரோட்டைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். பிரேக் போடப் போகிறபோதெல்லாம் மனுஷன் கீழுதட்டைக் கடிப்பார். இது அவளுக்கு இரண்டாவது வகுப்பிலிருந்தே தெரியும். உதடு இன்னும் அசையவில்லை. லாரியின் பின்கதவு பெரிதாகிக்கொண்டே வந்தது. 'இரு,' என்று தன் காலிடம் சொன்னாள். உதடு உள்ளே போனது. வண்டி குலுங்கி நின்றது.

"கொஞ்சம் குலுங்கிருச்சு, மன்னிச்சுக்குங்க."

"குலுங்கட்டும்ணே!" என்றவளுக்குச் சிரிப்பு வந்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று அதையும் சந்தேகப்பட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது வேறொன்று தட்டுப்பட்டது. வீட்டுக்காரர் பொய் சொல்லுமுன் தொண்டையைக் கனைப்பார். பஸ் நிலையத்திலும் கனைத்துக்கொண்டேதான் இருந்தார். அவளுக்குக் கேட்காமலா? 'சே, என்ன சந்தேகப் புத்தி' என்று தன் காதையே அதட்டிவிட்டு, ஓடிப்போய் இருமல் மிட்டாய் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். காது ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறது. அவள்தான் அதன் பேச்சைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கால் பிரேக்குக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது. ஒரே ஒருமுறை, சந்திலிருந்து ஒரு வேன் ரிவர்ஸில் வந்தபோது, ரொட்டிக்கடைக்காரரின் உதடு அசையவில்லை. அவள் கால் அசைந்தது.

"டீச்சர், இது நீங்கதானே?"

"நானேதான்" என்றாள், முதல்முறையாக.

டெஸ்டில் அவர் கோட்டுக்கு ரொம்ப முன்னாலேயே நிறுத்திவிட்டார். அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே பாஸ் போட்டார். ஆபீஸ் ஃபோன் வேறு யார் கைக்கோ போனது.

கோட்டைத் தாண்டிய மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வகுப்பு தன் கடன் என்று அவளாகவே கிளம்பினாள். மருந்துக்கடைக்காரரும் இன்னொருவரும் காரணத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். தையல்காரம்மா மட்டும் கதவை ஒரு விரல் அளவுதான் திறந்தாள்.

"காசு வேண்டாமா? எதுக்கு?"

"தப்பு என்னுதும்மா. என் கால்தான் உங்கள..."

"திடீர்னு நல்லது செய்ய வர்றவங்களக் கண்டாத்தான் எனக்குப் பயம். போய்ட்டு வாங்க."

அந்த ஒரு வகுப்பு இன்னும் பாக்கி. போன வாரமும் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. அவள் காத்திருந்தாள். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.