முப்பத்தொரு பக்கம், முப்பத்தொரு டிக்

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் தகுதி பார்த்து வேலை கொடுத்தார்கள். தகுதி: ஒன்றும் தெரியாதவன்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில், நகைக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். ஏழு பேர் கம்ப்யூட்டரில் தட்டுவார்கள். நான் கூட்டிப் பெருக்கி டீ போடுவேன். அதற்கு முன்னால் கட்டுமான இடங்களில் சாரம் கட்டிக்கொண்டிருந்தேன். முட்டி போனதும் இறங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து வெகு முன்பே இறங்கியாயிற்று, நாலாம் வகுப்பில்.

ஆபீஸ்காரர்கள் செய்வதும் ஒரு வகையில் சாரம்தான். "பூக்கடைக்கு ஆப் வேணும்" என்று அவர்கள் செய்த சாஃப்ட்வேரில் கடைக்காரர் தமிழில் தட்டினால் போதும். உள்ளே இருக்கும் ஏஐ ஏஜென்ட் திரை, பட்டன், படம் வைக்கிற இடம் எல்லாம் தானே அடுக்கி, ஃபோன் ஆப்புக்கு ஒரு கூடு நிறுத்திவிடும். சாமான்களை நாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். நாங்கள் ஆறு பேர் மூன்று நாள் கட்டுகிற மாதிரி ஒன்றை, நான் ஒரு கிளாஸ் டீ ஆற்றுவதற்குள் கட்டிவிடும்.

அதற்குக் கையேடு எழுத ஒரு பெண் வந்திருந்தாள். மூன்று மாதம் புரொபேஷன். வெள்ளிக்கிழமை ஒரு கடைக்காரர் வந்து, யாரையும் கேட்காமல், கையேட்டை மட்டும் பார்த்து ஆப் செய்துவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பையைத் தூக்க வேண்டியதுதான். பாஸ் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் ஆள் எடுப்பதும் அனுப்புவதும் ஒரே சிரிப்பில்தான்.

திங்கட்கிழமை அவள் என்னிடம் வந்தாள்.

"அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்."

"இதுல தப்பா நெனைக்க என்னம்மா இருக்கு? என் பொண்டாட்டி முப்பது வருசமா இதத்தான் சொல்றா."

முப்பத்தொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கட்டம், புரிந்தால் டிக். முதல் பக்கம் 'வணக்கம்'. நன்றாகவே புரிந்தது. இரண்டாம் பக்கம்: 'புதிய செயல்திட்டத்திற்கான கோப்புறையைத் தெரிவு செய்து உறுதிப்படுத்துக.' பள்ளியில் தமிழுக்குப் பரிசு வாங்கிய பிள்ளையின் தமிழ். கையுறை தெரியும், தலையணை உறை தெரியும். கோப்புறையை எங்கே மாட்டுவது?

கேட்டிருக்கலாம். கேட்பதற்காகத்தானே உட்கார வைத்தார்கள். ஆனால் படித்த தலைகளுக்கு நடுவில் என் கை தானாக டிக் போட்டது. அடுத்த பக்கத்திலும் போட்டது. டீக்கு நேரமாகிவிட்டதால் கடைசிப் பத்துப் பக்கத்தை மொத்தமாக முடித்தேன்.

சாரம் கட்டும் இடத்தில், மேற்பார்வையாளர் ஏறிப் பார்த்துப் பச்சை அட்டை மாட்டாமல் யாரும் கால் வைக்க மாட்டோம். ஏறாமலே அட்டை மாட்டுகிறவனை என்ன சொல்லித் திட்டுவோம் என்பதை இங்கே எழுத முடியாது.

"ஒரு டவுட் கூட இல்லையா அங்கிள்?"

"தண்ணி மாதிரி இருக்கும்மா."

உடனே அவள் ஃபோனில் அம்மாவுக்கு அதைச் சொன்னாள். எனக்குத்தான் அதற்கப்புறம் தண்ணீர்கூட இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூக்கடை அக்கா வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பாஸ் பின்னால் நின்றார். பெண் வாய் திறக்கக் கூடாது. அக்கா இரண்டாம் பக்கத்துக்கு வந்தார், தலையாட்டினார், இன்னும் ஆட்டினார். மவுஸ் மட்டும் நகரவில்லை.

"ஓகேவா அக்கா?" என்றார் பாஸ்.

"ஓகே ஓகே. நல்லா புரியுது."

அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை அது என் கழுத்தில்தான் இருந்தது.

"நம்ம டீ அங்கிளே எல்லாப் பக்கமும் பாஸ் பண்ணிட்டாரு லா. ரொம்ப ஈஸி" என்றார் பாஸ்.

அக்காவின் முகம் சுருங்கியது. அந்தப் பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் டீத் தட்டைக் கீழே வைத்தேன்.

"பாஸ், நான் படிக்கல. ரெண்டாம் பக்கத்துலயே விழுந்துட்டேன். சும்மா டிக் போட்டேன்."

"அங்கிள்!" என்றாள் அவள்.

நான் அக்கா பக்கம் திரும்பினேன். "கோப்புறைன்னா என்னக்கா?"

"அட, எனக்கு மட்டும்தான் தெரியலையோன்னு நெனச்சேன்!"

பாஸ் முதன்முறையாகச் சிரிக்காமல் பேசினார். "அப்ப டெஸ்டே நடக்கல. அடுத்த வெள்ளி. அதான் லாஸ்ட்."

அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இனிமே டிக் கிடையாது. நீங்க செய்யணும், நான் பாப்பேன்."

நான்கு நாள் செய்தேன். அந்த ஏஜென்ட் என்னையே திருப்பிக் கேட்டது: பூவுக்கு விலை முழத்துக்கா, கிலோவுக்கா? வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்களா? அவ்வளவு அறிவுள்ள எந்திரம் தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கிறது. கூச்சமெல்லாம் நாலாம் வகுப்புக்காரனுக்குத்தான். நான் தடுக்கி விழுந்த ஒவ்வோர் இடத்திலும் அவள் அடித்து எழுதினாள்: 'உங்கள் கடைச் சாமான்களை வைக்கும் பெட்டி இது. இடது பக்கம் மஞ்சளாகத் தெரியும். அதைத் தொடுங்கள்.'

"இவ்ளோ கேள்வி என் டீச்சர்கூட என்னைக் கேட்டதில்ல அங்கிள்."

"அவங்க படிச்சவங்கம்மா."

அடுத்த வெள்ளி அக்கா கம்ப்யூட்டரைத் திட்டினார், கையேட்டைத் திட்டினார். ஆனால் யாரையும் எதுவும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் அவர் ஃபோனில் அவர் கடைப் பெயர் வந்தது. பாஸ் பெண்ணைப் பார்த்து "கன்ஃபர்ம்" என்றார். அவள் அம்மாவைக் கூப்பிடப் படிக்கட்டுக்கு ஓடினாள்.

சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ போட்டேன். பாஸ் ஒரு வாய் குடித்து, "சூப்பர் அங்கிள்" என்றார். அக்கா, "ரொம்ப நல்லா இருக்குண்ணே" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அவள் திரும்பி வந்து ஒரு வாய் குடித்தாள். கிளாஸை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அங்கிள், சீனி போடல."