பொந்து வைத்த சுவரைத் தொட்டுப் பார்க்க விழுப்புரம் போனேன்

இல்லை, சுவர் தடியாக இருந்தால் சூடு வராது என்று நீங்கள் நினைப்பது தப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் இந்த மே மாத வெயிலில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுச் சுவரைத் தடவ வேண்டியதாயிற்று.

திண்டிவனத்தில் அக்கா வீடு கட்டுகிறாள். போன கோடையில் வாடகை வீட்டுப் புழுக்கத்தில் அவள் பிள்ளைக்கு ஜன்னி கண்டது. அடுத்த கோடைக்குக் கைக்குழந்தையும் இருக்கும். மேற்கு வெயில் விழுகிற படுக்கையறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. துபாயில் இருக்கிற அவள் வீட்டுக்காரர், என் மாமா, கேசட்டில் பேசி அனுப்பிய யோசனை சிமெண்ட் கல். நான் குயிலாப்பாளையம் போய், சூளையில் சுடாமல் மெஷினில் அழுத்திச் செய்கிற மண்கல்லைப் பார்த்து வந்து அக்காவிடம் சொன்னேன்.

"மண் செவுத்துலேந்து தப்பிக்கத்தாண்டா உங்க மாமா அவ்ளோ தூரம் போயிருக்காரு" என்றாள்.

கடைசியில் ஒத்துக்கொண்டது பொந்துச் சுவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, இடையிடையே பிடிப்புக்குக் குறுக்கே ஒரு கல். நடுவில் மூன்று அங்குலம் வெறும் காற்று. காற்றைத் தாண்டிச் சூடு சீக்கிரம் வராது. கல்லிலும் நாலில் ஒரு பங்கு மிச்சம். இன்று காலை மேஸ்திரி வேலையைத் தொடங்கிவிட்டார். ஆனாலும் கட்டி முடித்த வீடு ஒன்றைப் பார்த்து வரச் சொல்லி அக்கா என்னை அனுப்பினாள். "படிப்பத்தான் பாதில வுட்ட. என் வூட்டயும் அப்டி வுட்றாத."

பன்னிரண்டரைக்கு பஸ். நாற்பது கிலோமீட்டருக்குள்தான், இடது பக்கம் உட்காருங்கள், மதிய வெயில் வலது பக்கம் அடிக்கும். கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு சூளை புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மலை மாதிரி புளிய விறகு. கல் மிச்சமானால் மரமும் மிச்சம் என்று அப்போதுதான் உறைத்தது.

விழுப்புரத்தில் இறங்கும்போது ஒன்றே முக்கால். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு ரயில்வே கார்டின் வீடு. விலாசம் கொடுத்தது செங்கல் லாரி டிரைவர். கதவைத் தட்டினேன். லுங்கியோடு வந்தவரிடம் சுவரைத் தொட வேண்டும் என்றேன்.

"நைட் டூட்டி பாத்துட்டு வந்து தூங்கிக்கினு இருந்தேன்பா. பொண்ணு பாக்க வருவாங்க, செவுரு பாக்க வர்றவன இப்பதான் பாக்கறேன். வா."

மே மாதம் ரெண்டு மணிக்கு ஒரு மனிதர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்; அதுவே பதில்தான். கட்டிலை ஒட்டிய மேற்குச் சுவரில் கை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். நாலடி தள்ளி வைத்தேன். அடுப்படிச் சுவர் மாதிரி கொதித்தது. ஒரே சுவர்!

"அந்தப் பக்கம் ஏத்தறப்ப நான் டூட்டில இருந்தேன்" என்றார் கார்டு. "மேஸ்திரி நல்ல மனுசன். பொந்தா வுட்டா எலி பூந்துரும், நாளைக்கு எம்பேருதான் கெடும்னு உடைகல்லும் கலவையும் போட்டு ரொப்பிட்டாரு. சொல்லக்கூட இல்ல. அதான் கட்டில இங்க இழுத்துப் போட்டுக்கினு கெடக்கேன்."

ஆகவே, வீடு கட்டப் போகிறவர்களே: உச்சி வெயில் தாண்டிப் போய் மேற்குச் சுவரை உள்பக்கம் தொட்டுப் பாருங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கலவை உள்ளே விழாமல் பொந்தின் மேல் ஒரு பலகை வையுங்கள். மேஸ்திரி திருடுவாரோ என்று பயப்படாதீர்கள்; நல்லவராக இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

அக்காவின் மேஸ்திரி ரொம்ப நல்லவர். இன்று காலை உடைகல்லை எல்லாம் பொறுக்கிச் மேற்குச் சுவர்ப் பக்கத்தில் குவித்துக்கொண்டிருந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அங்கே போனும் கிடையாது.

திண்டிவனம் பஸ் வந்துவிட்டது. நான் போக வேண்டும்.